ஒரு பென் டிரைவ் போதும்... சிவகாசி வீட்டு கம்ப்யூட்டர்களை வைரஸிடமிருந்து காப்பது எப்படி?

சிவகாசியில் ஒரு பென் டிரைவ் ஒரே நாளில் எத்தனை கம்ப்யூட்டர்களைப் பார்க்கும் தெரியுமா? காலையில் டிசைனர் வீட்டு கம்ப்யூட்டர். பத்து மணிக்கு மாதிரி பிரிண்ட் எடுக்க ஒரு ஜெராக்ஸ் கடை. மதியம் பிளேட் போடும் இடம். சாயங்காலம் அச்சகம். ராத்திரி திரும்பவும் வீடு. அங்கே அதே கம்ப்யூட்டரில்தான் பிள்ளைகள் ஸ்கூல் புராஜெக்ட் செய்வார்கள், அப்பா ஜிஎஸ்டி கணக்கு பார்ப்பார், அம்மா ரயில் டிக்கெட் போடுவார்.

பட்டாசு, தீப்பெட்டி, அச்சு. இந்த மூன்றும்தான் ஊரின் அடையாளம். பட்டாசுப் பெட்டியின் லேபிள், டெய்லி காலண்டர், டைரி, நோட்டு அட்டை, கல்யாணப் பத்திரிகை என்று அச்சாகும் ஒவ்வொன்றும் முதலில் ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் பைலாகத்தான் பிறக்கிறது. அந்த கம்ப்யூட்டர் பல நேரம் ஆபீசில் இல்லை, வீட்டு ஹாலில் இருக்கிறது. பேர்தான் வீட்டு கம்ப்யூட்டர். பாதி நேரம் அது பட்டறை.

அதனால்தான் இங்கே ஒரு வைரஸ் என்பது ‘சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோவா இருக்கு’ என்பதோடு முடிவதில்லை. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷ காலண்டர் ஆல்பம் வெளியாக வேண்டும். அதற்கு முந்தைய வாரம் டிசைன் போல்டர் திறக்கவில்லை என்றால்? போனது ஒரு பைல் இல்லை, ஒரு சீசன்.

எனக்கு நடந்தது

இதை எழுதும் எனக்கும் ஒரு பென் டிரைவ் கதை உண்டு. கல்லூரி கடைசி வருஷம். புராஜெக்ட் சமர்ப்பிக்க வேண்டிய நாள். பிரிண்ட் எடுக்க ஒரு கடையில் பென் டிரைவைக் கொடுத்தேன். திரும்ப வாங்கி வந்து லேப்டாப்பில் போட்டால், போல்டர் இருந்த இடத்தில் எல்லாம் ஷார்ட்கட் ஐகான். திறக்கவில்லையே என்று ஒவ்வொன்றாக டபுள் கிளிக் செய்தேன். அதுதான் நான் செய்த தப்பு. அந்த டபுள் கிளிக்குக்காகத்தான் வைரஸ் காத்திருந்தது. பென் டிரைவில் இருந்தது லேப்டாப்புக்கும் வந்துவிட்டது.

பதற்றத்தில் அழாத குறை. கடைசியில் சீனியர் ஒருவர் வந்து, “பைல் எங்கயும் போகல, ஒளிஞ்சிருக்கு” என்றார். உண்மைதான். இந்த வகை வைரஸ் பைல்களை அழிப்பதில்லை. அசல் போல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைக்கிறது. நாம் போல்டரைத் திறப்பதாக நினைத்து வைரஸை இயக்குகிறோம். விண்டோஸில் மறைந்த பைல்களைக் காட்டும் வசதியையும், ‘புரொடெக்டட்’ சிஸ்டம் பைல்களைக் காட்டும் வசதியையும் ஆன் செய்ததும் புராஜெக்ட் திரும்பக் கிடைத்தது.

அன்று நான் தப்பித்தேன். காரணம், அது பழைய காலத்து சாதாரண வைரஸ். இன்றைக்கு வருபவை அப்படி இல்லை.

வைரஸ், மால்வேர்... என்ன வித்தியாசம்?

நமக்குத் தெரியாமல் கம்ப்யூட்டருக்குள் புகுந்து கெடுதல் செய்யும் எல்லா புரோகிராம்களுக்கும் பொதுப்பெயர் மால்வேர். வைரஸ் அதில் ஒரு வகை. வீட்டு கம்ப்யூட்டருக்கு இன்று முக்கியமாக மூன்று ஆபத்துகள்.

முதலாவது, ரேன்சம்வேர். உங்கள் பைல்களைப் பூட்டிவிட்டு, சாவி வேண்டுமென்றால் பணம் கொடு என்று கேட்கும். இரண்டாவது, தகவல் திருடி. சத்தமே போடாது. பிரவுசரில் நீங்கள் சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்டுகளையும், லாகின் ஆகி இருக்கும் கணக்குகளின் தகவலையும் அள்ளிக்கொண்டு போய்விடும். மூன்றாவது, டிரோஜன். நல்ல புரோகிராம் போல வேஷம் போட்டு வந்து, மற்ற இரண்டுக்கும் கதவைத் திறந்துவிடும்.

“நம்ம கம்ப்யூட்டர்ல திருட என்ன இருக்கு?” என்பதுதான் பலர் கேட்கும் கேள்வி. இருக்கிறது. நெட் பேங்கிங் இருக்கிறது. ஜிஎஸ்டி லாகின் இருக்கிறது. வாடிக்கையாளர்களின் டிசைன் இருக்கிறது. ஆதார், பான் கார்டு ஸ்கேன் காப்பி இருக்கிறது. தவிர, மால்வேர் அனுப்புபவர் உங்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புவதில்லை. வலையை வீசுகிறார். யார் சிக்குகிறார்களோ அவர்கள்தான் இலக்கு.

பெரிய இடங்களே தப்பவில்லை

2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வானாகிரை ரேன்சம்வேர் சில நாள்களில் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. பிட்காயினில் 300 டாலர் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் ஸ்தம்பித்தன. இங்கே திருமலை திருப்பதி தேவஸ்தான அலுவலகத்தின் சில கம்ப்யூட்டர்களும் மாட்டின. கவனிக்க வேண்டிய விஷயம், அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. மாட்டியவர்கள் அந்த இரண்டு மாதத்தில் அப்டேட் செய்யாதவர்கள், அல்லது அப்டேட்டே வராத பழைய விண்டோஸ் வைத்திருந்தவர்கள்.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு தலைமைச் செயலகத்தின் பொதுத் துறை கம்ப்யூட்டர்களை ரேன்சம்வேர் தாக்கியது. 1,950 டாலரை கிரிப்டோகரன்சியாகக் கேட்டதாகச் செய்திகள் வெளியாகின. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கி, பல நாள்கள் ஓ.பி. சீட்டைக் கையால் எழுத வேண்டியிருந்தது.

நம் தென்மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. கூடங்குளம் அணுமின் நிலையம். 2019 செப்டம்பர் 4 அன்று அங்கே மால்வேர் இருப்பதை மத்திய அரசின் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன் சுட்டிக்காட்டியது. அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் அதை ஒப்புக்கொண்டது. டிடிராக் என்ற தகவல் திருடும் மால்வேர் அது என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் அடையாளம் கண்டனர். பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டோடு இணைந்திருந்த கம்ப்யூட்டர். அணு உலையை இயக்கும் உள் நெட்வொர்க் அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டிருந்தது என்று கழகம் விளக்கம் கொடுத்தது.

இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் புகுந்தது இன்னொன்றுக்குப் போகவில்லை. ஏனென்றால் இரண்டும் தனித்தனி.

பட்டாசு ஆலை சொல்லித்தரும் பாடம்

சிவகாசிக்காரர்களுக்கு இது புதிதல்ல. பட்டாசு ஆலைக்குள் போனால் பெரிய கட்டடம் ஒன்றைப் பார்க்க முடியாது. சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கும். ஓர் அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று விதி இருக்கிறது. பொறியே விழாது என்ற நம்பிக்கையில் போட்ட விதி அல்ல அது. ஒருவேளை விழுந்தால் அடுத்த அறைக்குப் போகக் கூடாது என்பதற்காகப் போட்டது. அந்த விதி காற்றில் பறக்கும்போது என்ன நடக்கும் என்பதை 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி விபத்து உட்பட எத்தனையோ முறை இந்த ஊர் பார்த்துவிட்டது.

மனித உயிரையும் கம்ப்யூட்டர் பைலையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் பாதுகாப்பின் கணக்கு ஒன்றுதான். பொறி விழாமல் பார்த்துக்கொள்வது பாதி வேலை. விழுந்தாலும் எல்லாம் எரியாமல் பார்த்துக்கொள்வது மீதி வேலை. நம்மில் பலர் ஆன்டி வைரஸ் போட்டதோடு முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம்.

சரி, பொறி எந்த வழியாக வருகிறது?

வழி 1: பென் டிரைவ்

ஈரானின் நடான்ஸ் அணுசக்தி மையத்தைத் தாக்கிய ஸ்டக்ஸ்நெட் 2010-ல் வெளிச்சத்துக்கு வந்தது. இன்டர்நெட்டே இல்லாத இடத்துக்குள் அது போனது யூஎஸ்பி டிரைவ் வழியாகத்தான். அப்போது அதிகம் பாதிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இருந்தது.

முன்பெல்லாம் பென் டிரைவைச் செருகினாலே வைரஸ் தானாக ஓடும். விண்டோஸ் 7 முதல் அந்த ‘ஆட்டோரன்’ வசதியை யூஎஸ்பி டிரைவ்களுக்கு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. இப்போது நாம்தான் கிளிக் செய்து அதை ஓடவிடுகிறோம். எனவே:

• வெளியே போவதற்கென்று தனி பென் டிரைவ் வையுங்கள். அதில் அன்றைய வேலை பைல் மட்டும் இருக்கட்டும். மற்ற எதையும் அதில் சேமிக்காதீர்கள்.

• திரும்பி வந்ததும் திறக்காமல், ரைட் கிளிக் செய்து ஸ்கேன் கொடுங்கள். உள்ளே இருப்பது தேவையில்லை என்றால் ஃபார்மட் செய்துவிடுங்கள். அவ்வளவுதான்.

• போல்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஷார்ட்கட் இருந்தால் கை வைக்காதீர்கள்.

• முடிந்தவரை அச்சகத்துக்கு பைலை கூகுள் டிரைவ் லிங்க்காகவோ மெயிலாகவோ அனுப்புங்கள். பென் டிரைவ் ஊர் சுற்றுவது குறைந்தாலே பாதிப் பிரச்சினை குறையும்.

வழி 2: ‘கிராக்’ சாஃப்ட்வேர்

இது கொஞ்சம் சங்கடமான பேச்சு. ஆனால் பேசித்தான் ஆக வேண்டும். டிசைன் வேலைக்கு கோரல் டிரா வேண்டும், போட்டோஷாப் வேண்டும். காசு கொடுத்து வாங்க முடியாதபோது தெரிந்தவரிடம் ‘கிராக் வெர்ஷன்’ கேட்பது நம் ஊரில் சகஜம்.

அந்த கிராக் பைலோடு வரும் குறிப்பை நினைத்துப் பாருங்கள். “முதலில் ஆன்டி வைரஸை ஆஃப் செய்யவும்.” வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முகம் தெரியாத ஒருவருக்குக் கதவைத் திறந்துவிடுகிறோம். 2021-ல் விண்டோஸை ஓசியில் ஆக்டிவேட் செய்ய உதவும் கேஎம்எஸ்பிகோ என்ற கருவியின் போலி இன்ஸ்டாலர்கள் மூலம் கிரிப்ட்பாட் என்ற தகவல் திருடி பரவியதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தனர். வீட்டு உபயோகிப்பாளர்களை அதிகம் பாதித்த ‘ஸ்டாப்’ ரேன்சம்வேரும் பெரும்பாலும் கிராக் பைல்கள் வழியாகவே வந்தது.

ஒரு சுவாரஸ்யமான தகவல். ஐபிஎம் பிசிக்கான முதல் வைரஸ் என்று அறியப்படும் ‘பிரெய்ன்’ 1986-ல் பாகிஸ்தானின் லாகூரில் உருவானது. பாசித், அம்ஜத் என்ற சகோதரர்கள், தாங்கள் எழுதிய சாஃப்ட்வேரைத் திருட்டுத்தனமாகக் காப்பி எடுப்பவர்களுக்குப் பாடம் புகட்டுவதற்காக எழுதியதாகச் சொன்னார்கள். தங்கள் முகவரியையும் போன் நம்பரையும்கூட அதில் வைத்திருந்தார்கள். ஆக, கிராக்கும் வைரஸும் ஆரம்பத்திலிருந்தே பக்கத்துப் பக்கத்து வீடு.

மாற்று என்ன? இன்க்ஸ்கேப், ஜிம்ப், ஸ்கிரைபஸ், லிப்ரே ஆபீஸ் எல்லாம் சட்டப்படியே இலவசம். அச்சகங்கள் கேட்கும் கோரல் பைலை இவை எல்லா நேரமும் கொடுத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளைகளின் படிப்பு, கடிதம், கணக்கு, சாதாரண போட்டோ எடிட்டிங்குக்கு இவை தாராளமாகப் போதும். சம்பாதித்துக் கொடுக்கும் ஒரே ஒரு சாஃப்ட்வேருக்கு மட்டும் காசு கொடுத்து லைசென்ஸ் வாங்குவது செலவு இல்லை, முதலீடு.

இதே வரிசையில் வருவது ‘ஃப்ரீ பாண்ட்’. புது தமிழ் எழுத்துரு தேடி ஏதோ ஒரு தளத்துக்குப் போய் டவுன்லோடு செய்கிறோம். எழுத்துரு என்றால் டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் என்று முடியும் பைல்தான் வர வேண்டும். ‘இன்ஸ்டால் செய்யுங்கள்’ என்று இஎக்ஸ்இ பைல் வந்தால் அப்படியே அழித்துவிடுங்கள்.

வழி 3: வாட்ஸ்அப், மெயில்

தீபாவளி நெருங்கினால் நம் எல்லாருடைய வாட்ஸ்அப்பிலும் பட்டாசு விலைப்பட்டியல் வரும். ‘80 சதவீத தள்ளுபடி’ என்ற வெப்சைட் லிங்க்கும் வரும். பட்டாசை ஆன்லைனில் விற்க 2018 அக்டோபர் 23 அன்றே உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ஆனாலும் சிவகாசி பெயரைச் சொல்லி போலி வெப்சைட்கள் முளைக்கின்றன. 2024 தீபாவளிக்கு முன்பு தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிக் குற்றப்பிரிவு இது குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. அங்கே முதன்மையான ஆபத்து பணம் பறிபோவது. ஆனால் அதே லிங்க் வழியாக மால்வேரும் வரலாம்.

விலைப்பட்டியல், பில், கூரியர் ரசீது, கல்யாணப் பத்திரிகை என்று எந்தப் பெயரிலும் பைல் வரட்டும், பெயரின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். ‘விலைப்பட்டியல் டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இ’ என்று இருந்தால் அது பிடிஎஃப் அல்ல, புரோகிராம். விண்டோஸ் இந்தக் கடைசிப் பகுதியை வழக்கமாக மறைத்துவிடும் என்பதால் நமக்கு ‘டாட் பிடிஎஃப்’ வரைதான் தெரியும். பைல் எக்ஸ்புளோரரில் ‘வியூ’ மெனுவுக்குப் போய் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை இன்றே ஆன் செய்யுங்கள். ஒரு நிமிட வேலை, ஆயுள் முழுக்கப் பயன்.

போனுக்கும் இதே விதிதான். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். ஏபிகே பைலாக வராது. ஏபிகே என்றால் அது ஆப். பத்திரிகை அடிக்கும் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வழி 4: ‘உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்!’

திடீரென்று திரை முழுவதும் சிவப்பு. ஒரு போன் நம்பர். “உடனே அழையுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் அழிந்துவிடும்” என்று குரல். இது வைரஸ் இல்லை, வெறும் வெப்சைட். அந்த நம்பரை அழைத்தால், கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் ஆப்பை இன்ஸ்டால் செய்யச் சொல்வார்கள். வினை அங்கேதான் ஆரம்பம். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருப்பதில்லை. பிரவுசரை மூடுங்கள். மூட முடியாவிட்டால் கம்ப்யூட்டரையே ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்.

இன்னொரு தந்திரம், போலி ‘நான் ரோபோ இல்லை’ பெட்டி. வழக்கம்போல டிக் செய்தால், “விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு பேஸ்ட் செய்து என்டர் தட்டுங்கள்” என்று சொல்லும். அப்படிச் செய்தால் மால்வேரை நம் கையாலேயே இன்ஸ்டால் செய்கிறோம். லும்மா போன்ற தகவல் திருடிகள் இந்த வழியிலும் பரவின. 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையிலான இரண்டே மாதத்தில் உலகம் முழுவதும் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் லும்மாவைக் கண்டதாக மைக்ரோசாஃப்ட் தெரிவித்தது. நாம் மனிதர்தான் என்று நிரூபிக்க எந்த வெப்சைட்டுக்கும் அந்த பட்டன்கள் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்

காசு செலவில்லாமல் இப்போதே செய்யக்கூடியவை இவை.

1. அப்டேட்: விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-லும் முடிந்துவிட்டது. விண்டோஸ் 10-ல் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்த வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. புதிய விண்டோஸ் ஏறாத பழைய மெஷினில் லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம்.

2. டிஃபெண்டர்: விண்டோஸ் 10, 11-ல் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் இலவசமாகவே இருக்கிறது. ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து ‘ரியல் டைம் புரொடெக்ஷன்’ ஆன் ஆகி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு உபயோகத்துக்கு இது போதும். காசு கொடுத்து வேறு ஆன்டி வைரஸ் போடுவதும் தவறில்லை. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு ஆன்டி வைரஸ் வேண்டாம். ஒன்றோடொன்று மல்லுக்கட்டி மெஷினைத்தான் படுக்க வைக்கும்.

3. டிசைன் போல்டருக்குத் தனிப் பூட்டு: அதே விண்டோஸ் செக்யூரிட்டியில் ரேன்சம்வேர் பகுதியில் ‘கன்ட்ரோல்டு போல்டர் ஆக்சஸ்’ என்று ஒன்று உண்டு. வழக்கமாக ஆஃப் ஆகவே இருக்கும். ஆன் செய்து உங்கள் டிசைன் போல்டரையும் அதில் சேர்த்தால், நம்பகமான புரோகிராம்களைத் தவிர வேறு எதுவும் அந்த பைல்களை மாற்ற முடியாது. சில நேரம் நல்ல சாஃப்ட்வேரையும் தடுக்கும். அப்போது அதற்கு மட்டும் அனுமதி கொடுத்துவிடலாம்.

4. பிள்ளைகளுக்குத் தனி அக்கவுன்ட்: அட்மின் உரிமை இல்லாத சாதாரண அக்கவுன்ட். கேம் டவுன்லோடு செய்யப் போய் ஏதாவது வந்தாலும், சிஸ்டம் முழுக்கப் பரவுவது கடினமாகும்.

5. இரட்டைப் பூட்டு: மெயில், பேங்க் கணக்குகளுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு. ஒன்று போனாலும் இன்னொன்று காக்கும்.

பழைய சாஃப்ட்வேருக்காகவே ஒரு விண்டோஸ் எக்ஸ்பி அல்லது விண்டோஸ் 7 மெஷினை வைத்திருப்பவரா நீங்கள்? பழைய தமிழ் எழுத்துரு பேக்கேஜ் புது விண்டோஸில் ஓடாது என்ற கஷ்டம் புரிகிறது. மெஷின் இருக்கட்டும். அதன் நெட் ஒயரை மட்டும் பிடுங்கிவிடுங்கள். வைஃபையும் வேண்டாம். கூடங்குளத்தில் பார்த்த அதே பாடம்: பிரித்து வை.

எல்லாவற்றையும்விட முக்கியம்: காப்பி

மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்தாலும் ஒருநாள் பொறி விழலாம். அன்று உங்களைக் காப்பாற்றப் போவது ஆன்டி வைரஸ் இல்லை, நீங்கள் எடுத்து வைத்த காப்பி.

இதற்கு 3-2-1 என்று எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. பீட்டர் க்ரோ என்ற புகைப்படக் கலைஞர் பிரபலப்படுத்தியது. முக்கியமான பைலுக்கு 3 காப்பி. 2 வேறு வேறு சாதனங்களில். அதில் 1 வேறு இடத்தில். ஒரு டிசைனருக்கு இது எப்படிப் பொருந்தும்? கம்ப்யூட்டரில் ஒன்று. வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்று. கூகுள் டிரைவிலோ, அண்ணன் வீட்டு பீரோவில் இருக்கும் இன்னொரு ஹார்டு டிஸ்கிலோ ஒன்று. கூகுளில் 15 ஜிபி வரை இலவசம். முடித்துக் கொடுத்த வேலைகளின் கடைசி பைல்களையாவது அதில் வைக்கலாம்.

இங்கே பலர் செய்யும் தப்பு ஒன்று உண்டு. பேக்கப் ஹார்டு டிஸ்கை எப்போதும் கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்திருப்பது. ரேன்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். இரண்டு அறைக்கும் நடுவே சுவர் இல்லாத பட்டாசு ஆலை மாதிரி. காப்பி எடுத்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள். கிளவுடிலும் கவனம் வேண்டும். கம்ப்யூட்டரோடு ‘சிங்க்’ ஆகும் போல்டர் என்றால், பூட்டப்பட்ட பைலும் மேலே ஏறிவிடும். பைலின் பழைய பதிப்பை மீட்கும் வசதி இருக்கிறதா, எத்தனை நாள் வரை என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

மாதம் ஒருமுறை காப்பியிலிருந்து ஒரு பைலைத் திறந்து பாருங்கள். திறக்காத காப்பி, காப்பி இல்லை.

மாட்டிவிட்டால்?

முதலில் நெட்டைத் துண்டியுங்கள். வைஃபை ஆஃப், ஒயர் இருந்தால் பிடுங்குங்கள். பதற்றத்தில் பேக்கப் டிஸ்கைக் கொண்டுவந்து செருகாதீர்கள். திரையில் வந்த செய்தியை போனில் போட்டோ எடுங்கள்.

அடுத்து, உங்கள் போன் அல்லது வேறு சுத்தமான கம்ப்யூட்டரிலிருந்து மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு பேங்க், மற்றவை. ‘எல்லா சாதனங்களிலிருந்தும் லாக் அவுட்’ கொடுக்க மறக்க வேண்டாம். தகவல் திருடி வந்திருந்தால், பாதிக்கப்பட்ட மெஷினிலேயே பாஸ்வேர்டு மாற்றுவது புதுச் சாவியையும் திருடன் கையிலேயே கொடுப்பதற்குச் சமம்.

அதன் பிறகு டிஃபெண்டரின் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’. விண்டோஸ் தொடங்கும் முன்பே ஓடுவதால் ஒளிந்திருப்பவற்றையும் பிடிக்க வாய்ப்பு அதிகம். மத்திய அரசு 2017 பிப்ரவரி 21 அன்று தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்திலும் இலவச சுத்திகரிப்புக் கருவிகள் கிடைக்கின்றன. சந்தேகம் தீராவிட்டால் மெஷினை முழுதாக அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவதே பாதுகாப்பு. காப்பி இருப்பவருக்கு அது ஒரு நாள் வேலை. இல்லாதவருக்குத்தான் இடி.

ரேன்சம்வேர் என்றால், பணம் கட்டாதீர்கள். கட்டினாலும் சாவி வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஐரோப்பிய காவல் அமைப்பான யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய ‘நோ மோர் ரேன்சம்’ தளத்தில், சில வகை ரேன்சம்வேர்களுக்கு இலவசச் சாவி இருக்கிறது. ‘ஸ்டாப்’ ரேன்சம்வேரின் 148 வகைகளுக்கு 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் இலவசக் கருவி வெளியிட்டது. அதனால் பூட்டப்பட்ட பைல்களை அழித்துவிடாதீர்கள். இன்று சாவி இல்லாவிட்டாலும் நாளை வரலாம்.

பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதிவு செய்யலாம். மற்றவர் கம்ப்யூட்டரில் கெட்ட எண்ணத்துடன் வைரஸைப் புகுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43, 66 பிரிவுகளின்படி குற்றம். மூன்று ஆண்டுகள் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். எனவே ‘நம்ம முட்டாள்தனம்’ என்று வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். நீங்கள் பாதிக்கப்பட்டவர், குற்றவாளி அல்ல. மறைத்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு: உங்கள் பென் டிரைவ் போய்வந்த கடைகளும் அச்சகமும் உஷாராகாமல் போய்விடும்.

ஆமாம், அந்த பென் டிரைவ். இந்தக் கட்டுரையைப் படிக்கும் நேரத்திலும் அது யாரோ ஒருவர் சட்டைப் பையில், டவுன் பஸ்ஸில், ஓர் அச்சகத்திலிருந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அந்த வீட்டு கம்ப்யூட்டரில் பத்து வருஷ உழைப்பு இருக்கலாம். அதற்கு பீரோவில் ஒரு காப்பி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

உங்கள் வீட்டில் இருக்கிறதா? இல்லையென்றால், இன்று ராத்திரியே ஒன்று எடுத்துவிடுங்கள்.